உள்ளூர்வாசி என்பவர் யார்? பாலெர்மோவின் அல்பெர்கேரியாவும் மலிவு நுழைவுச் சீட்டும்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பாலெர்மோ நகரின் மாசிமோ அரங்கு, அந்நாட்டின் மிகப் பெரிய ஒப்பேரா அரங்காகும். அங்கிருந்து மாக்குவேதா வீதி வழியே தெற்கு நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால், பல்லரோ சந்தை அமைந்துள்ள அல்பெர்கேரியா பகுதியை அடைந்துவிடலாம். இலங்கைத் தமிழர்கள் உட்படப் பல நாட்டுக் குடியேறிகள் பல்லாண்டுகளாக வாழ்ந்தும் தொழில் செய்தும் வரும் பகுதி இது.

ஒரு நகரின் அரங்குகளும் விளையாட்டு மைதானங்களும் பொதுப் பணத்தின் துணையோடு இயங்கும்போது, அந்நகரில் வாழ்பவர்களுக்கு அவற்றின் நுழைவுச் சீட்டு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் எழுந்துள்ளது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அப்போது நியூயார்க் மேயர் தேர்தலில் வேட்பாளராக இருந்த ஸோரான் மம்தானி, 2026 ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளுக்கான சீட்டுகளில் 15 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்குச் சலுகை விலையில் ஒதுக்குமாறு ஃபிஃபாவிடம் கோரியது அண்மைக்கால உதாரணம்.

கோரிக்கை எளிமையானதுதான். ஆனால் அதை நடைமுறைப்படுத்த முனையும் எந்த நிர்வாகமும் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். உள்ளூர்வாசி என்பவர் யார்? அந்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரா, நகராட்சிப் பதிவேட்டில் பெயர் உள்ளவரா, அல்லது அந்தத் தெருவில் உண்மையிலேயே வாழ்பவரா? இம்மூன்றில் எது தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அல்பெர்கேரியா போன்ற ஒரு பகுதியின் மக்கள் வரிசையின் உள்ளே இருப்பார்களா வெளியே இருப்பார்களா என்பது முடிவாகிறது.

பழைய நகரில் புதிய குடிகள்

பாலெர்மோவின் பழைய நகரம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று அல்பெர்கேரியா. நார்மானிய மன்னர்களின் அரண்மனை இதன் மேற்கு எல்லையில் உள்ளது. அந்த அரண்மனையும், அல்பெர்கேரியாவிலுள்ள சான் ஜொவான்னி தெலி எரெமித்தி தேவாலயமும், அரேபிய - நார்மானியக் கட்டடங்களின் தொகுதியில் சேர்த்து 2015 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அதன் பின்னர் இப்பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கவனம் மேலும் கூடியது.

1983 ஆம் ஆண்டு இலங்கையில் இனக் கலவரமும் அதைத் தொடர்ந்து போரும் மூண்ட பின்னர், தமிழர்கள் பாலெர்மோவுக்கு வந்து சேரத் தொடங்கினர். இத்தாலி அவ்வப்போது அறிவித்த பொது முறைப்படுத்தல் திட்டங்களின் மூலம் பலர் சட்டபூர்வ அனுமதி பெற்றனர். இத்தாலியில் வாழும் இலங்கையரில் பெரும்பான்மையினர் சிங்களவர் என்றாலும், பாலெர்மோவில் வாழும் இலங்கையரில் தமிழரே அதிகம். வீட்டுப் பணியாளர்களாகவும் முதியோரைப் பராமரிப்பவர்களாகவும் வேலை செய்வோர் இவர்களில் கணிசமாக உள்ளனர்.

இந்தத் தொழிலின் தன்மை, நுழைவுச் சீட்டு விவகாரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இத்தாலியின் வீட்டுப் பணியாளர் தேசிய ஒப்பந்தத்தின்படி, முதலாளியின் வீட்டிலேயே தங்கிப் பணிபுரிவோருக்கு வாரத்தில் 36 மணி நேர ஓய்வு உண்டு. அதில் 24 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையிலும், மீதி 12 மணி நேரம் வேறொரு நாளிலும் அமையும். வேலை நாள் மாலைகளில் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு சலுகை வழங்கினாலும், அந்நேரத்தில் மற்றொருவர் வீட்டில் முதியவருக்கு உணவு பரிமாறிக் கொண்டிருக்கும் ஒருவருக்கு அதனால் பயனில்லை.

வரிப்பணமும் இருக்கையும்

மாசிமோ அரங்கு 1897 ஆம் ஆண்டு மே 16 ஆம் தேதி, இசையமைப்பாளர் வெர்தியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஒப்பேராவுடன் திறக்கப்பட்டது. திருத்த வேலைகளுக்காக 1974 ஆம் ஆண்டு மூடப்பட்ட அது, 23 ஆண்டுகள் கழித்து 1997 ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக் காலம் பூட்டிக் கிடந்த அந்த அரங்கு, மாஃபியாவின் பிடியிலும் நிர்வாகச் சீர்கேட்டிலும் நகரம் சிக்கியிருந்ததன் அடையாளமாகக் கருதப்பட்டது. அதன் மறுதிறப்பை நகரத்தின் மறுமலர்ச்சியாகவே பலரும் பார்த்தனர்.

1996 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்ட ஆணை, இத்தாலியின் பெரிய ஒப்பேரா அரங்குகளை அறக்கட்டளைகளாக மாற்ற வழி செய்தது. அரங்கேற்றக் கலைகளுக்கென 1985 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட தேசிய நிதியத்தின் பெரும் பகுதி இவற்றுக்கே செல்கிறது. இத்துடன் பிராந்திய அரசும் நகராட்சியும் பங்களிக்கின்றன. ஆகவே, சீட்டு வாங்கியவர் செலுத்தும் தொகை அரங்கின் மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியதை, அரங்குக்குள் ஒருமுறைகூட நுழையாதவர்கள் உட்பட வரி செலுத்தும் அனைவரும் ஏற்கின்றனர்.

உள்ளூர் மக்களுக்குச் சலுகை வேண்டும் என்பவர்களின் முதன்மையான வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. வரியின் மூலம் ஏற்கெனவே ஒருமுறை பணம் செலுத்திவிட்ட உள்ளூர்வாசியிடம், வெளியூர்ப் பயணியிடம் வாங்கும் அதே தொகையை மீண்டும் வாங்குவது நியாயமா என்று அவர்கள் கேட்கின்றனர். சட்டபூர்வமாக வேலை செய்யும் குடியேறியும் இந்த வரியைச் செலுத்துகிறார் என்பதால், வாதம் அவருக்கும் பொருந்தும்.

2003 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

கேட்பதற்கு வலுவான இந்த வாதம், லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஒருமுறை தோல்வியடைந்துள்ளது. அந்த வழக்கின் பிரதிவாதி இத்தாலியே.

வெனிஸ் நகரின் தோஜே அரண்மனை உள்ளிட்ட, உள்ளூராட்சி அமைப்புகளின் கீழுள்ள அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும், 60 அல்லது 65 வயதைக் கடந்த இத்தாலியர்களுக்கும் அப்பகுதிவாசிகளுக்கும் மட்டும் கட்டணச் சலுகை வழங்கப்பட்டு வந்தது. பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் அதே வயதினர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதை எதிர்த்து ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்தது.

இத்தாலிய அரசு இரண்டு காரணங்களை முன்வைத்தது. பாரம்பரியச் சின்னங்களைப் பராமரிக்கும் செலவு அதிகம் என்பது ஒன்று. உள்ளூர்வாசிகள் வரி செலுத்துகின்றனர், சலுகை அதற்கு ஈடானது என்பது மற்றொன்று. 2003 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது. பொருளாதார நோக்கம் மட்டுமே பாகுபாட்டை நியாயப்படுத்தாது என்றும், குறிப்பிட்ட வரிக்கும் குறிப்பிட்ட சலுகைக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏதும் காட்டப்படவில்லை என்றும் அது கூறியது.

தீர்ப்பின் மற்றொரு பகுதியே நமது கேள்விக்கு நெருக்கமானது. 'இந்த ஊரில் வசிப்போருக்கு மட்டும்' என்ற நிபந்தனை, வெளியூர் இத்தாலியர்களையும் சேர்த்தே விலக்குகிறது, ஆகவே அது வெளிநாட்டவருக்கு எதிரானதல்ல என்ற விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரில் வசிக்காதவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவராக இருப்பதால், வதிவிடத்தை அளவுகோலாக்குவது மறைமுகமாகத் தேசிய அடிப்படையிலான பாகுபாடாகிவிடக்கூடும் என்பது அதன் நிலைப்பாடு.

2006 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட ஐரோப்பியச் சேவைகள் நெறிமுறையும், சேவை பெறுவோரைத் தேசியத்தின் பேரிலோ வதிவிடத்தின் பேரிலோ பாகுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால், நேரடியாக நியாயப்படுத்தக்கூடிய புறநிலைக் காரணங்கள் இருப்பின் வேறுபாட்டை அது அனுமதிக்கிறது. வயது, வருமானம், மாணவர் நிலை போன்றவற்றின் அடிப்படையில் எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படும் சலுகைகளை 2003 ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடை செய்யவில்லை.

இந்த ஐரோப்பிய விதிகள் முதன்மையாக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களைக் காப்பவை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் பாலெர்மோவில் வாழும் தமிழர் வேறு சட்டங்களைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. பொதுமக்களுக்கு வழங்கப்படும் சேவையை, ஒருவர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுப்பதையும் பாதகமான நிபந்தனைகளுடன் வழங்குவதையும் 1998 ஆம் ஆண்டின் இத்தாலியக் குடிவரவுச் சட்டத் தொகுப்பு பாகுபாடு என வரையறுக்கிறது. ஐந்து ஆண்டுகள் சட்டபூர்வமாக வாழ்ந்து நீண்டகால வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு, பொருட்களையும் சேவைகளையும் பெறுவதில் சமத்துவம் வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை ஒன்று கூறுகிறது.

குடியுரிமையா, வதிவிடமா?

சட்டத்தின் ஒரு சொல் எத்தனை பேரை உள்ளே கொண்டுவரும் என்பதற்கு இத்தாலியிலேயே தெளிவான உதாரணம் உண்டு.

18 வயதை எட்டும் ஒவ்வொருவருக்கும் திரைப்படம், நாடகம், இசை நிகழ்ச்சி, அருங்காட்சியகம், நூல்கள் ஆகியவற்றுக்காக 500 யூரோ வழங்கும் திட்டத்தை இத்தாலிய அரசு 2016 ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டத்தில் அறிவித்தது. சட்டத்தின் முதல் வாசகம், இத்தாலியக் குடிமக்களையும் இத்தாலியில் வசிக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களையும் மட்டுமே குறிப்பிட்டது. இத்தாலியில் பிறந்து, இத்தாலியப் பள்ளியில் படித்து, பெற்றோரின் இலங்கைக் குடியுரிமையுடன் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞருக்கு அதில் இடமிருக்கவில்லை.

அதே ஆண்டில், திட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே வாசகம் திருத்தப்பட்டது. செல்லுபடியாகும் வதிவிட அனுமதியுடன் நாட்டில் வசிக்கும் அனைவருக்கும் இத்திட்டம் பொருந்தும் என்றாயிற்று. தமிழர்கள் பேச்சில் 'சொஜோர்னோ' என்று வழங்கும் அந்த அனுமதி அட்டையே போதுமானதாயிற்று. 'குடிமக்கள்' என்ற சொல்லின் இடத்தில் 'வசிப்பவர்கள்' என்ற சொல் வந்ததால் ஏற்பட்ட மாற்றம் இது.

2023 ஆம் ஆண்டில் 18 வயதை எட்டியவர்களில் தொடங்கி, இத்திட்டத்தின் இடத்தில் இரண்டு அட்டைகள் கொண்டுவரப்பட்டன. பள்ளி இறுதித் தேர்வில் முழு மதிப்பெண் பெறுவோருக்கு ஓர் அட்டை. குடும்பத்தின் பொருளாதார நிலைக் குறியீடு 35,000 யூரோவுக்கு மேற்படாதவர்களுக்கு மற்றோர் அட்டை. ஒவ்வொன்றின் மதிப்பும் 500 யூரோ. வசதி படைத்தவர்களுக்கும் பொதுப்பணம் செல்கிறது என்ற குறைபாட்டை இந்த மாற்றம் களைய முயன்றது. ஆனால், 'இசே' எனப்படும் அந்தக் குறியீட்டைப் பெறுவதற்கு வருமானம், சேமிப்பு, குடும்ப உறுப்பினர் விவரம் ஆகியவற்றைத் தாக்கல் செய்தாக வேண்டும். மொழியும் அலுவலக நடைமுறையும் பழகாத குடும்பங்களுக்கு இது கூடுதல் படியாகும்.

பதிவேட்டில் ஒரு பெயர்

வதிவிடத்தை அளவுகோலாக ஏற்றுக்கொண்டாலும், அதை நிரூபிப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். இத்தாலியில் இதற்கான ஆவணம், அனாக்ராஃபே எனப்படும் நகராட்சிக் குடியிருப்போர் பதிவேடு. அடையாள அட்டை, குடும்ப மருத்துவர், மழலையர் பள்ளி என அன்றாட வாழ்வின் பல கதவுகளுக்கு இந்தப் பதிவே திறவுகோல்.

எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் இல்லாமல் வாழ்பவர்களுக்கு இப்பதிவு எளிதன்று. சட்டவிரோதமாக ஆக்கிரமிக்கப்பட்ட வீட்டில் வாழ்வோர் அங்கு வதிவிடப் பதிவு கோர முடியாது என 2014 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறுகிறது. 2018 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட பாதுகாப்பு ஆணைச் சட்டம், புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு இப்பதிவை மறுத்தது. 2019 ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போதைய பாலெர்மோ மேயர் லெயோலூக்கா ஓர்லாந்தோ அச்சட்டத்தைத் தமது நகரில் நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைக்குமாறு அதிகாரிகளைப் பணித்தார். மறு ஆண்டு, இத்தாலிய அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

பதிவில் ஏற்படும் ஓர் இடைவெளி, அரங்குச் சலுகையைவிடப் பெரிய இழப்புகளுக்கும் இட்டுச் செல்லலாம். 1992 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை, பிறந்தது முதல் 18 வயது வரை தொடர்ச்சியாகச் சட்டபூர்வமாக அங்கே வாழ்ந்திருந்தால், அடுத்த ஓராண்டுக்குள் குடியுரிமை கோரலாம். வயதுவந்த குடியேறிகளுக்கான பத்தாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைக்க 2025 ஆம் ஆண்டு ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பு, போதிய வாக்காளர்கள் பங்கேற்காததால் செல்லாமற் போனது. ஆகவே, நீண்ட காலமாக ஊரில் வாழ்ந்தும் ஆவணத்தில் வெளிநாட்டவராகவே தொடரும் நிலை பலருக்கு நீடிக்கிறது.

விளையாட்டு மைதானத்தில் நேர்மாறு

நாடக அரங்கில் வதிவிடம் ஒரு சலுகைக்கான காரணமாகலாம். இத்தாலியக் கால்பந்து மைதானங்களில் அது பெரும்பாலும் தடைக்கான காரணமாகவே பயன்பட்டு வந்துள்ளது.

2007 ஆம் ஆண்டு பிப்ரவரி 2 ஆம் தேதி, சிசிலியின் கத்தானியா நகரில் கத்தானியா, பாலெர்மோ அணிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தின்போது மூண்ட வன்முறையில் போலீஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பின்னர் மைதானப் பாதுகாப்பு விதிகள் மேலும் இறுகின. மோதல் அபாயம் உள்ளதெனக் கருதப்படும் ஆட்டங்களுக்கு, எதிரணியின் மாகாணத்தில் வசிப்போருக்குச் சீட்டு விற்கக் கூடாது என்று அரசுப் பிரதிநிதி ஆணையிடுவது வழக்கமாயிற்று. இத்தகைய ஆணையில் ஒருவரின் நடத்தை கணக்கில் வருவதில்லை, அவரது முகவரியே கணக்கில் வருகிறது.

பெரிய மைதானங்களில் சீட்டின்மேல் வாங்கியவரின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 2005 ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. 5,000 பேருக்கு மேல் கொள்ளும் இடங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் 2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் இவ்விதி விரிவுபடுத்தப்பட்டது. சீட்டுகளை மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுப்பதே பின்னைய விதியின் நோக்கம். கறுப்புச் சந்தைக்கு எதிரான இந்த ஏற்பாடு உள்ளூர் ரசிகருக்கு உதவக்கூடியதே. எனினும், சீட்டிலுள்ள பெயரும் ஆவணத்திலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், மீண்டும் ஆவணமே முன்னே வந்து நிற்கிறது.

1900 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பாலெர்மோ கால்பந்துக் கழகம், 2019 ஆம் ஆண்டில் நிதி நெருக்கடியால் நான்காம் நிலைப் போட்டிகளுக்குத் தள்ளப்பட்டு, 2022 ஆம் ஆண்டில் இரண்டாம் நிலைக்கு மீண்டது. அதே ஆண்டில் மான்செஸ்டர் சிட்டி அணியின் உரிமையாளரான சிட்டி ஃபுட்பால் குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. ஆனால் அணி விளையாடும் ரென்ஸோ பார்பெரா மைதானம் நகராட்சிக்குச் சொந்தமானது. கழகத்தின் உரிமை எங்கிருந்தாலும், பொதுச் சொத்தை வாடகைக்கு விடும் நகராட்சி, குறைந்த விலை இருக்கைகளை ஒரு நிபந்தனையாக முன்வைக்க இயலும்.

பிற நாடுகளின் வழிகள்

வதிவிடத்தை மட்டும் அளவுகோலாக வைத்துச் சீட்டு வழங்கியதற்கு உலகக் கோப்பைக் கால்பந்திலேயே முன்னுதாரணம் உண்டு. 2010 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், அந்நாட்டில் வசிப்போருக்கென 140 ராண்ட் விலையில் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு கத்தாரில் இப்பிரிவின் தொடக்க விலை 40 ரியால். கத்தாரில் வசிப்போரில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்பதால், குடியுரிமை அளவுகோலாக இருந்திருந்தால் இச்சலுகை அவர்களுக்குக் கிட்டியிராது. வசிப்பவர் என்ற வரையறை, அந்த மைதானங்களைக் கட்டிய தெற்காசியத் தொழிலாளர்களையும் தகுதியுடையோராக்கியது.

யார் உள்ளூர்வாசி என்ற கேள்வியையே தவிர்த்து, எல்லோருக்கும் உச்ச விலை விதிப்பது மற்றொரு வழி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டிகளில், வெளியூரிலிருந்து வரும் எதிரணி ரசிகர்களுக்கான சீட்டு விலை 2016 ஆம் ஆண்டில் 30 பவுண்டுக்கு மேற்படாமல் வரையறுக்கப்பட்டது. எல்லாக் கழகங்களையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியதால் இது நிலைத்தது.

தமிழ்நாட்டில் திரையரங்குக் கட்டணத்துக்கு அரசு நெடுங்காலமாக உச்ச வரம்பு விதித்து வந்துள்ளது. சென்னையின் பல்திரை வளாகங்களிலும் முன்வரிசையில் 10 ரூபாய் இருக்கைகள் இருந்ததைப் பலர் நினைவுகூரக்கூடும். வரம்பை மீறி வசூலிக்கப்படுவதாகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றதும் உண்டு. 2006 ஆம் ஆண்டில் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்களிக்கப்பட்டபோது, அதன் பயன் படம் பார்ப்போரைச் சென்றடையவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. தயாரிப்பவருக்கு வழங்கும் சலுகை தானாகவே பார்வையாளரின் கைக்கு வந்துவிடாது என்பது அதன் பாடம்.

வெளியாரிடம் கூடுதலாக வசூலிப்பது மூன்றாவது வழி. மாமல்லபுரத்தின் நினைவுச் சின்னங்களைப் பார்க்க, 2018 ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் இந்தியருக்கும் சார்க் நாட்டவருக்கும் 40 ரூபாய், பிற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆகவே, யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் 40 ரூபாயும், பாலெர்மோவில் வாழ்ந்து இத்தாலியக் கடவுச்சீட்டுப் பெற்றுவிட்ட அவரது சகோதரர் 600 ரூபாயும் செலுத்தும் நிலை ஏற்படலாம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஆம் ஆண்டு ஜனவரியில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கான கட்டணத்தை 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்த்தியது. கடவுச்சீட்டை அளவுகோலாக்கும் முறை புலம்பெயர்ந்தோரை ஓரிடத்தில் உள்ளூர்வாசியாகவும் மற்றோரிடத்தில் அந்நியராகவும் ஆக்கிவிடுகிறது.

சீட்டே இல்லாத திருவிழா

பாலெர்மோவின் மிகப் பெரிய பொது நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டே கிடையாது. 1624 ஆம் ஆண்டு கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரோசாலியாவின் திருவிழா, ஆண்டுதோறும் ஜூலை 14 ஆம் தேதி இரவில் நடைபெறுகிறது. அலங்கரிக்கப்பட்ட பெருந்தேர், அல்பெர்கேரியாவின் வடக்கு எல்லையான பழைய நெடுவீதி வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். 2024 ஆம் ஆண்டில் இவ்விழா 400 ஆவது முறையாகக் கொண்டாடப்பட்டது.

தேரோட்டம் என்றாலே ஊர் முழுவதும் கூடும் மரபில் வந்த தமிழர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. கத்தோலிக்கத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் பெல்லெக்ரினோ மலையிலுள்ள புனிதையின் குகைக் கோயிலுக்கு ஏறிச் சென்று வழிபடுவதை நகர மக்கள் நன்கறிவர். கட்டணமோ ஆவணமோ கேட்கப்படாத இடத்தில், யார் உள்ளூர்வாசி என்ற கேள்வி எழுவதேயில்லை.

இதற்கு நேரெதிரான அனுபவம் சிசிலியின் பொம்மலாட்டத்துக்கு நேர்ந்தது. எளிய மக்கள் வாழ்ந்த தெருக்களில், இரவுதோறும் தொடர்கதையாக வீரர் கதைகளை நடத்திவந்த இக்கலை, 1950களில் ஏற்பட்ட பொருளாதார மாற்றங்களாலும் தொலைக்காட்சியின் வருகையாலும் தனது பார்வையாளர்களை இழந்தது. 2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் சிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. கலை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் பார்வையாளர் வரிசையில் முன்பு அண்டைவீட்டார் இருந்த இடத்தில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் அமர்ந்துள்ளனர்.

மாசிமோ அரங்கும் தனது சுவர்களுக்கு வெளியே செல்ல முயன்றுள்ளது. ரோம் நகரின் ஒப்பேரா அரங்குடன் இணைந்து, லாரி ஒன்றையே மேடையாக்கிச் சதுக்கங்களில் இலவசமாக ஒப்பேரா நிகழ்த்தும் திட்டத்தில் அது பங்கேற்றது. 2018 ஆம் ஆண்டில், நார்மானிய அரண்மனைக்கு அப்பாலுள்ள தானிசின்னி என்ற எளிய குடியிருப்பில், அப்பகுதி மக்களின் பங்கேற்புடன் தொனிசெத்தியின் ஒப்பேரா ஒன்றை நிகழ்த்தியது. பல நாட்டுப் பின்புலம் கொண்ட சிறார்கள் பாடும் வானவில் பாடகர் குழு ஒன்றையும் அரங்கு உருவாக்கியது. மேடையில் பாடும் குழந்தையின் பெற்றோர் அரங்குக்குள் வருவதற்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை.

எது பயன் தரும்?

இவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கடவுச்சீட்டை அளவுகோலாக்கும் சலுகை, ஐரோப்பியச் சட்டத்தின் முன் நிற்காது. அத்தோடு, நகரின் அன்றாட உழைப்பைத் தாங்கும் மக்களையே அது வெளியே தள்ளுகிறது. நகராட்சிப் பதிவேட்டை மட்டும் நம்பும் சலுகை சட்டச் சிக்கலுக்கு உரியது. மேலும், ஒப்பந்தமில்லாத வீட்டில் வாழும் மிக ஏழையான உள்ளூர்வாசியை அது காண்பதில்லை.

வயதையும் வருமானத்தையும் அடிப்படையாகக் கொண்ட சலுகை சட்டத்துக்கு உடன்பட்டது. ஆயினும் ஆவணச் சுமையைக் குறைத்தால்தான் அது உரியவர்களைச் சென்றடையும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மலிவு இருக்கைகளை அப்பகுதிப் பள்ளிகள், தொழிலாளர் உதவி அலுவலகங்கள், அல்பெர்கேரியாவில் சலேசியத் துறவியர் நடத்தும் சாந்தா கியாரா போன்ற சமூக நிலையங்கள் ஆகியவற்றின் வழியாக வழங்கினால், முகவரியைச் சோதிக்காமலேயே உள்ளூர் மக்களை எட்டலாம். ஞாயிறு பகல் காட்சிகளுக்கு அத்தகைய இருக்கைகளை ஒதுக்கினால், வீட்டுப் பணியாளர்களும் பயன்பெறுவர். இத்தாலியில் 2014 ஆம் ஆண்டு தொடங்கிய, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகங்களைக் கட்டணமின்றிப் பார்க்கும் ஏற்பாடு பரவலான வரவேற்பைப் பெற்றதற்கு, அது விடுமுறை நாளில் அமைந்ததும் எவரிடமும் ஆவணம் கேட்காததும் முக்கியக் காரணங்களாகும்.

வெளிநாட்டவர் தமது பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் ஒன்றைப் பாலெர்மோ நகராட்சி 2013 ஆம் ஆண்டில் நிறுவியது. 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட சாசனத்தில், இடம்பெயர்வது மனித உரிமை என்றும் அந்நகரம் அறிவித்தது. பாலெர்மோவில் வாழ்பவர் பாலெர்மோவாசியே என்ற கருத்தைக் கொள்கையளவில் இந்த அளவுக்கு வெளிப்படையாக ஏற்ற நகரங்கள் ஐரோப்பாவில் அதிகமில்லை.

அந்தக் கொள்கை நுழைவுச் சீட்டு விற்கும் சாளரம் வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்பதே எஞ்சியுள்ள கேள்வி. அல்பெர்கேரியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இத்தாலிய மொழியையும் சிசிலிய வழக்கையும் தாய்மொழிக்கு நிகராகப் பேசுகின்றனர். கால் மணி நேர நடைதூரத்திலுள்ள அரங்கைத் தமது நகரின் அரங்காக அவர்கள் கருதுவார்களா, பெற்றோரின் வேலையிடத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு கட்டடமாக மட்டும் கருதுவார்களா என்பது, சீட்டின் விலையோடு, அதைப் பெறும் தகுதிக்கு நகரம் எழுதும் வரையறையையும் பொறுத்திருக்கிறது.